ஆய்வுகூடம் இன்றி இயந்திரமா?

2024 ஆம் ஆண்டு கார்த்திகை இறுதியில் கொட்டிய பெருமழை யாழ்ப்பாணக் குடாநாட்டை நீரில் ஆழ்த்தியது. வெள்ளம் வடியத் தொடங்கிய சில நாட்களில் வடமராட்சியில் ஒரு காய்ச்சல் தலைகாட்டியது. கரவெட்டி, பருத்தித்துறைப் பகுதிகளிலிருந்து நோயாளர் வைத்தியசாலைகளை நாடி வந்தனர். சிலருக்கு மூச்சுத் திணறியது. மார்கழி நடுப்பகுதிக்குள் குறைந்தது ஏழு உயிர்கள் போயின. 'மர்மக் காய்ச்சல்' என்று ஊரெங்கும் பேச்சு எழுந்தது. குருதி மாதிரிகள் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பயணமாயின. பின்னரே விடை வந்தது: எலிக்காய்ச்சல்.

இதில் மர்மம் என்ன இருந்தது? எலிக்காய்ச்சல் இலங்கைக்குப் புதிய நோயன்று. 2008 ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 7,000-க்கும் மேற்பட்டோரை அது பீடித்தது. 200-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. எலியும் மாடும் உலவும் நிலத்தில் வெள்ளம் நின்றால், அந்தச் சேற்றில் வெறுங்காலுடன் இறங்கும் உழவனை இந்நோய் தொற்றும் என்பதை மருத்துவ மாணவனும் அறிவான். மர்மம் நோயில் இருக்கவில்லை. நோயின் பெயரை உறுதிசெய்யும் இடம் ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்ததே, அதில்தான் மர்மம் இருந்தது.

அந்த மார்கழியின் பாடம் மனத்திற் பதியுமுன்னரே புதியதொரு வேதம் ஓதப்படுகிறது. கணினிக்குக் கற்பித்துவிட்டாற் போதுமாம். சாதாரணக் குருதிப் பரிசோதனையின் எண்களைப் பார்த்த மாத்திரத்தில் டெங்குவா, எலிக்காய்ச்சலா, நெருப்புக் காய்ச்சலா என்று அது சொல்லிவிடுமாம். விலையுயர்ந்த ஆய்வுகூடங்களும் நிபுணர்களும் இனித் தூர மாவட்டங்களுக்குத் தேவைப்படமாட்டாவாம். 'இயந்திரக் கற்றல்' என்பது இவ்வேதத்தின் திருநாமம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. செலவைக் குறைக்க வழி தேடும் அதிகாரிகளின் காதுக்கு இன்னும் இனிமையாக இருக்கும். ஆகவே தமிழ் மக்கள் இதனைக் கூர்ந்து நோக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

நாம் சொல்ல வந்தது ஒன்றே. இயந்திரம் வரட்டும், வரவேற்போம். ஆனால் ஆய்வுகூடத்துக்குப் பதிலாக அது வர முடியாது. அப்படி வந்தால் அதற்கு விஞ்ஞானம் என்று பெயரில்லை. வஞ்சனை என்றுதான் பெயர்.

குருதியின் எண்கள்

முதலில் இந்தக் கருவியின் உண்மையான பெருமையை ஒப்புக்கொள்வோம். எதிரியின் வாதத்தை அதன் முழுப் பலத்துடன் எடுத்துரைத்த பின்னரே அதனை மறுக்க வேண்டும் என்பது நாம் பயின்ற தொழிலின் முதற் பாடம்.

மழைக்காலத்தில் 'பிளேற்லெட் எத்தனை?' என்ற கேள்வி எழாத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. காய்ச்சற்காரனின் கையிலிருந்து எடுக்கும் சிறிதளவு குருதியைப் பகுப்பாய்வுக் கருவியில் இட்டால், வெள்ளணுக்கள், செவ்வணுக்கள், பிளேற்லெட், குருதியின் செறிவு எனப் பல எண்கள் சிறிது நேரத்திற் கிடைத்துவிடுகின்றன. இவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு. டெங்குவிற் பெரும்பாலும் வெள்ளணுவும் பிளேற்லெட்டும் ஒருங்கே குறையும். எலிக்காய்ச்சலிலும் பிளேற்லெட் குறையலாம். ஆனால் வெள்ளணு பெரும்பாலும் கூடும். நோய் முற்றினால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினினும், மஞ்சட் காமாலையைக் காட்டும் பிலிருபினும் உயரும். அனுபவம் மிக்க வைத்தியர் இவ்வெண்களைச் சேர்த்துப் பார்த்தே ஊகிக்கிறார். ஆயிரமாயிரம் நோயாளரின் எண்களை வைத்து அவ்வூகத்தைக் கணினிக்குப் பழக்குவதே இயந்திரக் கற்றல்.

இதனால் வரும் பயன் சிறியதன்று. எலிக்காய்ச்சலை உறுதிசெய்யப் பயன்படும் பிறபொருளெதிரிச் சோதனை, நோய் தொடங்கிய முதல் சில நாட்களில் விடை சொல்லாது. உடல் எதிர்ப்பொருளை உண்டாக்க ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கிறது. ஆனால் பெனிசிலினோ டொக்சிசைக்கிளினோ பெரிதும் நன்மை தருவது அந்த முதல் நாட்களிலேதான். டெங்குவுக்கோ நுண்ணுயிர் எதிரி மருந்து எதுவும் பயனில்லை. அங்கே உயிர் காப்பது உடலுக்குச் செலுத்தும் நீரை அளவறிந்து செலுத்துவதே. உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு மருந்து. நெருப்புக் காய்ச்சலுக்கு வேறொன்று. எனவே நள்ளிரவில் மந்திகையில் உள்ள ஆதார வைத்தியசாலையிலோ தீவகத்துச் சிறு வைத்தியசாலையிலோ தனித்து நிற்கும் இளம் வைத்தியருக்கு, 'இவ்வெண்கள் டெங்குவைப் போல் இல்லை. எலிக்காய்ச்சலையும் நினைத்துப் பார்' என்று சொல்லும் ஒரு துணை கிடைக்குமாயின், அது ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், அன்றாடம் செய்யப்படும் ஆறு குருதி அளவுகளைக் கொண்டே, வைத்தியசாலைக்கு வருபவருக்குத் தொற்று இருக்கக்கூடுமா என்று கணினி மதிப்பிடுவதைக் காட்டினர். தென் வியட்நாமில் 5,700-க்கும் மேற்பட்ட சிறுவரை ஆராய்ந்து 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, வயது, வெள்ளணு, பிளேற்லெட் என்னும் மூன்றை மட்டும் வைத்து டெங்குவை ஓரளவு இனங்காண முடியும் என்று நிறுவியது. இவை பொய்யல்ல. 'இவை எல்லாம் வெள்ளைக்காரன் வித்தை. எங்கள் வைத்தியரின் கைராசி போதும்' என்று புறங்கை காட்டுவோரோடு நாம் உடன்படவில்லை. அறிவுக்கு ஊரும் இல்லை, நிறமும் இல்லை.

ஆனால் 'ஓரளவு' என்னும் சொல்லை விற்பனைக்காரர் விழுங்கிவிடுகின்றனர். அந்தச் சொல்லிலேதான் உயிர் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள்

அந்த வியட்நாம் ஆய்வின் கணிப்பு முறை, டெங்கு உள்ள நூறு பேரில் ஏறத்தாழ 75 பேரைக் கண்டுகொண்டது. டெங்கு இல்லாத நூறு பேரில் ஏறத்தாழ 76 பேரைச் சரியாக விலக்கியது. இதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கணக்கைப் போடுவோம்.

மழைக்காலத்தில் காய்ச்சலுடன் வரும் ஆயிரம் பேரில் 300 பேருக்கு டெங்கு என்று வைத்துக்கொள்வோம். கணிப்பு 225 பேரைப் பிடிக்கும். 75 பேரைத் தவறவிடும். டெங்கு இல்லாத 168 பேரை டெங்கு என்று சொல்லும். இது பொறுத்துக்கொள்ளக்கூடிய துணை. அதே கணிப்பைக் கோடையிற் பயன்படுத்துங்கள். ஆயிரம் பேரில் 20 பேருக்கே டெங்கு எனில், அது 15 பேரைப் பிடிக்கும். 235 பேரைப் பொய்யாக டெங்கு என்று சொல்லும். கணினி மாறவில்லை, கணிதம் மாறவில்லை, காலம் மாத்திரமே மாறியது. முன்னது சொன்னதில் பாதிக்கு மேல் மெய். பின்னது சொன்னதிற் பதினாறில் பதினைந்து பங்குக்கு மேல் பொய்.

காலம் மாறினாலே இந்தக் கதி என்றால், நாடு மாறினால்? மக்களின் உடல்வாகு மாறினால்? சூழ உள்ள பிற நோய்கள் மாறினால்?

இது வெறும் அச்சமன்று, நடந்த கதை. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான வைத்தியசாலைகளில், குருதியில் நச்சேறும் ஆபத்தை முன்கூட்டியே சொல்லும் என்று எபிக் நிறுவனத்தின் கணினி முறையொன்று பூட்டப்பட்டிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக வைத்தியசாலை ஆய்வாளர் அதனைத் தம் சொந்த நோயாளரிடம் பரிசோதித்து 2021 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அந்த ஆபத்துக்கு உள்ளானவர்களில் நூற்றுக்கு 67 பேரை அது தவறவிட்டிருந்தது. செல்வமும் நிபுணரும் ஆய்வுகூடமும் நிறைந்த நாட்டிலே, சொந்தமாகச் சோதித்துப் பார்த்த பின்னரே இந்த உண்மை வெளிவந்தது. சோதித்துப் பார்க்க ஆய்வுகூடமே இல்லாத இடத்தில் இந்த உண்மை எப்படி வெளிவரும்? வராது. இறந்தவர் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.

ஆசிரியன் இல்லாத மாணவன்

இனி விவகாரத்தின் வேருக்கு வருவோம்.

இயந்திரம் தானாகக் கற்பதில்லை. 'இந்த எண்கள் உள்ளவனுக்கு இந்த நோய்' என்று ஒருவர் சரியான விடையை அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த விடையைத் தருபவர் யார்? உறுதிசெய்யும் ஆய்வுகூடம். பிறபொருளெதிரிச் சோதனை, பீ.சீ.ஆர்., நுண்ணுயிர் வளர்ப்பு ஆகியவையே இந்த மாணவனின் ஆசிரியர்கள். ஆசிரியர் இல்லாத பள்ளியில் மாணவன் எதைக் கற்பான்? 'வைரசுக் காய்ச்சல்' என்று ஊகமாக எழுதி வீட்டுக்கு அனுப்பப்பட்டவனின் ஏட்டைப் பார்த்தால், அந்த ஊகத்தையே மெய்யென்று கற்பான். பெயர் தெரியாமல் இறந்தவனின் ஏட்டிலிருந்து ஒன்றுமே கற்கமாட்டான். ஆய்வுகூடம் தேவையில்லை என்பதற்கு இயந்திரத்தைக் காரணங் காட்டுவோர், கிணறு தேவையில்லை என்பதற்கு வாளியைக் காட்டுகின்றனர்.

தேடாத நோய் தெரியாது. மெலியோய்டோசிஸ் என்னும் நோயின் கதை இதற்குச் சான்று. அதுவும் சேற்றிலும் நீரிலும் வாழும் கிருமியால் வருவது. வயலில் உழைப்பவரையும் நீரிழிவு உள்ளவரையும் பெரிதும் தாக்குவது. 1927 ஆம் ஆண்டிலேயே இலங்கையில் அது அறியப்பட்டது. ஆயினும் பல பத்தாண்டுகளாக எப்பொழுதோ ஒருவருக்கு வரும் அரிய நோயென்றே எண்ணப்பட்டு வந்தது. 2006 ஆம் ஆண்டுக்குப் பின் ஆய்வுகூடங்களில் அதனை முறையாகத் தேடத் தொடங்கினர். பல மாவட்டங்களிலிருந்து இருநூற்றுக்கும் மேற்பட்ட நோயாளர் வெளிப்பட்டனர். நோய் புதிதாக வரவில்லை. கண்தான் புதிதாகத் திறந்தது. கண் திறக்குமுன் இயந்திரத்துக்குக் கற்பித்திருந்தால், 'இலங்கையில் மெலியோய்டோசிஸ் இல்லை' என்று அது பூரண நம்பிக்கையுடன் சொல்லியிருக்கும்.

வடக்கின் நிலை இதுவே. இங்குள்ள உழவனின், கடற்றொழிலாளியின், முகாமிலிருந்து மீண்டு வந்து கிணறு இறைக்கும் தாயின் காய்ச்சல் முறையாக உறுதிசெய்யப்பட்டுப் பதியப்படாத வரையில், கணினியின் உலகில் அக்காய்ச்சல் இல்லை. சாய்கோனின் சிறுவரிடமும் லண்டனின் முதியவரிடமும் கற்ற இயந்திரம் கரவெட்டி உழவனுக்குத் தீர்ப்புச் சொல்லும். விசாரணையில் நமக்குப் பங்கில்லை. தண்டனையில் மாத்திரம் பங்குண்டு. இந்த நாட்டு அரசியலில் நாம் நெடுங்காலம் கண்டு பழகிய நீதி இது. வைத்தியத்திலும் அதனை ஏற்க முடியாது.

சாட்சி, நீதிபதி அன்று

சட்டத்தின் கண்கொண்டும் இதனை நோக்குவோம்.

நமது நாட்டின் 1895 ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45 ஆம் பிரிவு நிபுணரின் கருத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. அதோடு நிற்கவில்லை. அக்கருத்துக்கு ஆதாரமான காரணங்களும் பொருத்தமானவை என்கிறது 51 ஆம் பிரிவு. அதாவது, நிபுணர் ஆனாலும் 'எனக்குத் தோன்றுகிறது' என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. ஏன் தோன்றுகிறது என்று கேட்கலாம். குறுக்கு விசாரணை செய்யலாம். இயந்திரமும் ஒரு நிபுண சாட்சியே. எங்கே கற்றாய்? எத்தனை பேரிடம் கற்றாய்? எங்கள் மண்ணின் நோயாளரிடம் உன்னைச் சோதித்தார்களா? எத்தனை முறை தவறினாய்? இக்கேள்விகளுக்கு விடை தராத சாட்சியை எந்த நீதிமன்றமும் நம்பாது. வைத்தியசாலை ஏன் நம்ப வேண்டும்?

தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? 2001 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த, நாடறிந்த வைத்தியக் கவனயீன வழக்கொன்றில், கவனயீனம் நிரூபிக்கப்பட்டும், மரணத்துக்கு அதுவே காரணம் என்பது நிரூபிக்கப்படாமையால் வழக்காளிக்கு நட்டஈடு கிட்டவில்லை. முகம் தெரிந்த, பெயர் தெரிந்த ஒரு வைத்தியருக்கு எதிராகவே குடிமகனின் பாதை இத்தனை கரடுமுரடானது. கடல் கடந்த நிறுவனத்தின் கணினி தவறினால், ஏழை உழவனின் விதவை யாருக்கு அழைப்பாணை அனுப்புவாள்? வைத்தியர் இயந்திரத்தைக் காட்டுவார். நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டும். அரசாங்கம் கையை விரிக்கும்.

குருதியின் எண்கள் யாருடைய சொத்து என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவுகளை விசேட பாதுகாப்புக்கு உரியவையாக வகுக்கிறது. தானியங்கி முறையால் மாத்திரம் எடுக்கப்பட்ட முடிவை மீளாய்வு செய்யுமாறு கேட்கும் உரிமையையும் அது குடிமகனுக்கு வழங்குகிறது. நல்ல சட்டம். ஆனால் 2025 மார்ச்சு மாதத்தில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. எண்ணிம மயமாக்கலுக்கு அவசரம் காட்டும் அரசாங்கம், மக்களைக் காக்கும் சட்டத்துக்கு மாத்திரம் ஆமை வேகம் காட்டலாமா?

யார் தீர்மானிப்பது?

'பணமில்லை' என்பார்கள். எலிக்காய்ச்சலையும் உண்ணிக் காய்ச்சலையும் உறுதிசெய்யும் சாதனங்கள் வானத்துச் சரக்கல்ல. கோவிட் காலத்தில் பீ.சீ.ஆர். பரிசோதனை யாழ்ப்பாணத்திலேயே, போதனா வைத்தியசாலையிலும் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் நடந்தது. 1978 ஆம் ஆண்டிலிருந்து அந்த மருத்துவ பீடம் வைத்தியர்களை உருவாக்கி வருகிறது. கை இருக்கிறது, அறிவு இருக்கிறது. இல்லாதது தீர்மானிக்கும் அதிகாரம்.

13 ஆம் திருத்தத்தின்படி சுகாதாரம் பெரும்பகுதி மாகாணத்துக்கு உரியது. ஆனால் யாழ். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கையில். ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கையில். மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் கொழும்பில். 2018 ஐப்பசியில் ஆயுள் முடிந்த வட மாகாண சபைக்குப் பின்னர் பல ஆண்டுகளாகத் தேர்தலே நடத்தப்படவில்லை. காய்ச்சல் ஒன்று, கதவு மூன்று, பொறுப்புச் சொல்ல மக்கள் தெரிந்தெடுத்த ஒருவர்கூட இல்லை. இந்தச் சிக்கலை எந்தக் கணினியும் அவிழ்க்காது. இது அரசியலின் சிக்கல்; அரசியலாலேயே அவிழ்க்கப்பட வேண்டும்.

மொழியையும் மறக்கலாகாது. 19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து மேலைத்தேச மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்நியர் ஒருவருக்கு அன்று தோன்றிய நியாயம் இன்று நம்மை ஆள்வோருக்குத் தோன்றவில்லை. குருதி அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. நோயாளி அதனை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறான். நாளை இயந்திரத்தின் தீர்ப்பும் அவ்வாறே வந்தால், தன் உடலைப் பற்றிய தீர்ப்புக்குத் தானே அந்நியன் ஆவான்.

நமது கோரிக்கை

ஆகையால் நாம் கேட்பவை நான்கு.

முதலாவது, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், மெலியோய்டோசிஸ் உட்பட இங்கு வரும் தொற்றுக் காய்ச்சல்கள் அனைத்தையும் உறுதிசெய்யும் நிரந்தர ஆய்வுகூடம், ஆளணியுடனும் ஆண்டுதோறும் ஒதுக்கும் நிதியுடனும், குடாநாட்டில் நிறுவப்பட வேண்டும். வெள்ளம் வந்த பின் வரும் விசேட குழு நமக்கு வேண்டாம். வெள்ளத்துக்கு முன் இருக்கும் ஆய்வுகூடம் வேண்டும்.

இரண்டாவது, நோய் கணிக்கும் எந்த இயந்திரமும் நமது மருத்துவ பீடத்தின் மேற்பார்வையில், இங்குள்ள நோயாளரிடம், மழையிலும் கோடையிலும் சோதிக்கப்பட வேண்டும். அது பிடித்ததும் தவறவிட்டதும் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும்.

மூன்றாவது, இயந்திரம் வைத்தியருக்கு ஆலோசனை சொல்லலாம்; 'இவருக்கு மேற்பரிசோதனை தேவையில்லை' என்று கதவை அடைக்கும் அதிகாரம் அதற்கு இருக்கலாகாது. அதன் கருத்து நோயாளிக்குத் தமிழிற் கூறப்பட வேண்டும்.

நான்காவது, நமது மக்களின் குருதித் தரவுகள் அவர்களின் சம்மதமின்றி எந்த நிறுவனத்துக்கும் போகலாகாது. தவறுக்கு யார் பொறுப்பு என்பது, இயந்திரம் வைத்தியசாலை வாசலுக்கு வருமுன்னரே எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல. வரி கொடுக்கும் பிரஜையின் உரிமைகள். நமது நாடாளுமன்ற உறுப்பினர்கள் மாலை மரியாதைகளை ஒருபுறம் வைத்துவிட்டு, வரவு செலவுத் திட்ட விவாதத்தில் இந்த ஆய்வுகூடத்தின் பெயரைச் சொல்லி, தொகையைச் சொல்லிக் கேட்கட்டும். கமக்காரர் அமைப்புகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் ஊர்தோறும் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி அவர்களுக்கு அனுப்பட்டும். கேட்காதவனுக்கு இந்நாட்டில் எதுவும் கிடைத்ததில்லை.

ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை வரும், மழை வரும், எலி வளையை விட்டு வெளியே வரும். அப்பொழுது காய்ச்சலுடன் வரும் உழவனுக்கு, அவன் நோயின் பெயரை அவனுடைய மண்ணிலேயே சொல்லும் ஆய்வுகூடத்தை முதலில் கொடுங்கள். அதன்பின் எத்தனை இயந்திரம் கொண்டுவந்தாலும் கற்பிக்க நாம் தயார்.